உச்சிமாகாளி சொன்ன ஆயில்

பனவடலிசத்திரத்தைத் தாண்டும்போது வேனின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. எண்ணெய்க் குப்பி போன்ற படம், அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு. வேகத்தடைக்காக வேகத்தைக் குறைத்தபோது எரிந்தது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அணைந்துவிட்டது. அணைந்ததே என்று மகாராஜன் நிம்மதியாக இருந்திருக்கலாம். முடியவில்லை. அந்த விளக்கு ஏன் எரிகிறது என்பது வேனில் இருந்த மூன்று பேரில் அவன் ஒருவனுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

பக்கத்து இருக்கையில் மச்சான் இசக்கித்துரை. மகாராஜனின் மனைவி பேச்சிக்கு உடன்பிறந்த அண்ணன். வேனில் சரிபாதி அவருடையது. பின் இருக்கையில் அவருடைய ஒரே மகள் அனு. நீட் எழுதப் போய்க்கொண்டிருந்தாள், இரண்டாம் தடவையாக. மையம் பாளையங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. ஒன்றரை மணிக்கு கேட்டை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் அடைத்ததுதான். வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளை வருஷா வருஷம் டிவியில் பார்க்கிறோம். பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு சேனலை மாற்றுகிறோம். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எந்தச் சேனலுக்கு மாற்றுவது?

இத்தனைக்கும் காலையிலேயே கிளம்பியவர்கள்தான். மேலநீலிதநல்லூர் போன பிறகு, பரீட்சைக்குக் கொண்டுபோக வேண்டிய போட்டோவை டிவிப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வந்தது அனுவுக்கு நினைவு வந்தது. சங்கரன்கோவிலுக்குத் திரும்பினார்கள். வைத்த இடத்தில் போட்டோ இல்லை. ஃபேன் காற்றில் பறந்து கட்டிலுக்கடியில் கிடந்ததைக் கண்டுபிடிப்பதற்குள் வீடே அமளிதுமளிப்பட்டது. மறுபடி புறப்பட்டபோது கையில் இருந்த நேரமெல்லாம் கரைந்துபோயிருந்தது. இப்போது உச்சி வெயில். மே மாதம்; ரோட்டில் தார் இளகிக் கிடந்தது.

வேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்பதே ஒரு கோளாறு. அந்த இரண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளையாக இருப்பது அடுத்த கோளாறு. பல கைகள் மாறி வந்த பழைய டீசல் வண்டி. கல்யாணம், திருச்செந்தூர், குற்றாலம் என்று எங்கே கூப்பிட்டாலும் போகும். ஒரு வாரம் இவன் ஓட்டுவான், மறுவாரம் அவர். சண்டை சச்சரவில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது, மாசி மாதத்தில் ஆயில் மாற்றவேண்டிய நேரம் வரும்வரை.

"கட்டி ஆயில் ஊத்தணும் மாப்ள. வயசான எஞ்சின். மூட்டு தேஞ்ச ஆளுக்குத் தைலத்தக் கட்டியாத் தேய்ப்பமா, தண்ணியாத் தேய்ப்பமா?" என்றார் இசக்கித்துரை. அவர் சொன்னது இருபது-ஐம்பது.

மகாராஜன் செல்போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தான். "அதெல்லாம் அந்தக் காலம் மச்சான். இப்ப வார வண்டி எல்லாத்துக்கும் அஞ்சு-முப்பதுதான். எஞ்சின் லேசா ஓடும், மைலேஜ் கூடும்." இப்போது வருகிற வண்டிக்கு அதுதான், யார் இல்லை என்றார்கள்? இவர்களுடைய வண்டி இப்போது வந்ததில்லையே. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல அந்த வீடியோவில் ஆளில்லை.

ஆயில் டப்பாவில் இருக்கிற அந்த இரண்டு எண்களைப் பற்றி ஊரில் பேசாத பேச்சில்லை, ஆனால் சரியாகத் தெரிந்தவர் குறைவு. முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி இளகி ஓடும் என்பதற்கு. நடுவில் வரும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. சங்கரன்கோவிலில் குளிர்காலம் என்பது மார்கழியில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருகிற நாலைந்து பேர்தான். நமக்கு முக்கியம் இரண்டாவது எண். எஞ்சின் கொதிக்கிற நேரத்தில் எண்ணெய் எவ்வளவு கனமாக நிற்கும் என்பது அது. தேய்ந்த எஞ்சினில், கோடை வெயிலில், கனம் குறைந்த எண்ணெய் தண்ணீராகிவிடும். தண்ணீரானால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும்.

மெக்கானிக் சாம்சன் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு-நாப்பதுன்னு போட்டிருக்கு. ஊத்திட்டு வேலையப் பாருங்கய்யா" என்றார். தன் பக்கம் பேசவில்லை என்று இரண்டு பேருக்கும் அவர்மேல் கோபம். அதற்குள் மகாராஜன் திருநெல்வேலியில் ஐந்து-முப்பது டப்பாவை வாங்கி சீலையும் உடைத்துவிட்டான். உடைத்ததைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா? "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீராவே?" என்று இசக்கித்துரை தெருவில் நின்று சத்தம் போட்டார். பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தையில்லை. முகூர்த்த மாதத்தில் வேன் வீட்டு முன்னால் கோழி அடைகிற இடமாகிவிட்டது.

பேச்சிதான் வழி சொன்னாள். "ரெண்டு பேரும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சா வண்டி ஓடுமா? அனு விசயத்துக்கு வெள்ளிக்கெழமை பூக்கட்டிப் பாக்கத்தான போறாவ. இதையும் சேத்துப் பாத்திருங்க. ஆத்தா என்ன சொல்லுதாளோ அதான்."

அனு விஷயம் வேறு. முதல் தடவை மார்க்கு போதவில்லை. பி.எஸ்.ஸி.யில் சேர்ந்து முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு மறுபடி நீட்டுக்குப் படிப்பதா, கிடைத்ததே போதும் என்று இருப்பதா? தகப்பன் ஒரு நாள் ஒன்று சொல்வார், தாய் மறுநாள் வேறு சொல்வாள். பிள்ளை நடுவில் சோறு தண்ணியில்லாமல் கிடந்தாள். அதனால் தெருமுனை உச்சிமாகாளி அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் போட்டு, கல்யாணமாகாத பெண்பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்தால் பதில். எடுக்காததைப் பிரிக்கக்கூடாது. பிரித்துப் பார்த்தால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி. அப்படியே கோவில் கிணற்றில் விட்டுவிட வேண்டும்.

பொட்டணம் மடிக்க மகாராஜனை விட்டால் ஆளில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாட்டு மருந்துக் கடையில் வேலை பார்த்தவன். அவன் மடித்தால் ஒன்றுக்கொன்று நூல் பிசகாது. கோவிலுக்குப் பின்னால் அரளிச் செடி ஓரமாக உட்கார்ந்து மடித்தான். அனுவுக்கு இரண்டு: ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. அதை நெஞ்சறிய நேர்மையாக மடித்தான். பிள்ளையின் வாழ்க்கையல்லவா? பிறகு ஆயிலுக்கு இரண்டு. வெள்ளை என்றால் அவனுடைய ஐந்து-முப்பது, சிவப்பு என்றால் மச்சானுடைய இருபது-ஐம்பது. முதலாவதில் வெள்ளையை வைத்தான். இரண்டாவதற்குச் செவ்வரளியைக் கையில் எடுத்தவன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கீழே போட்டு, அதிலும் வெள்ளையையே வைத்து மடித்தான். ஆயில்தானே, இதற்கெல்லாமா ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அனுதான் இரண்டையும் எடுத்தாள். ஆயிலுக்கு வெள்ளை வந்தது. வராமல் எங்கே போகும்? அவளுக்கும் வெள்ளை வந்தது. எழுதச் சொல்லிவிட்டாள் ஆத்தா. பிள்ளை ஓவென்று அழுதாள், சந்தோஷத்தில். இசக்கித்துரை அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு எம்மேலதான் மாப்ள. ஆத்தாவே ஒம்ம பக்கம் சொல்லிட்டா" என்றார். அன்று சாயங்காலமே அந்த மெல்லிய ஆயிலை அவர் கையாலேயே ஊற்றினார். பங்குனி, சித்திரை என்று வேன் ஓடியது. ஆயில் குறைந்துகொண்டே வந்தது. மகாராஜன் யாருக்கும் தெரியாமல் அதே ஆயிலை வாங்கி அவ்வப்போது ஊற்றிக்கொண்டு வந்தான்.

இன்று அந்த விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை ஆக்சிலேட்டரை மிதித்தும் உடனே அணையவில்லை.

"என்ன மாப்ள அது, செவப்பா?" என்றார் இசக்கித்துரை.

"ஆயில் லைட்டு மச்சான்."

"ஆயில் இருக்குல்லா?"

"இருக்கு. காலையிலதான் பாத்தேன்."

"அப்பம் வயர் கோளாறாத்தான் இருக்கும். ஆத்தா குடுத்த ஆயிலுக்கு ஒரு கொறையும் வராது. நீரு ரோட்டப் பாத்து ஓட்டும்."

பின்னால் அனு கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சூத்திரங்கள். நடுநடுவே "ஆத்தா, ஆத்தா" என்ற சத்தமும் வந்தது. அன்று எடுத்த வெள்ளை அரளியைக் காயவைத்து உயிரியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள் என்று பேச்சி சொல்லியிருந்தாள். விடிய விடியப் படிக்கிற பிள்ளை, தூக்கம் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வாளாம்.

தேவர்குளம் நெருங்கியபோது எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. மகாராஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டினான். டக், டக், டக். வயிற்றுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. விளக்கு இப்போது சிமிட்டவில்லை, நிலையாக எரிந்தது. எண்ணெய் தண்ணீராகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம். அதற்குப் பிறகு எஞ்சின் இறுகி, வண்டி நடுக்காட்டில் செத்துப்போகும். மானூர் வரை பொட்டல். ஒதுங்க ஒரு மரநிழல்கூடக் கிடையாது.

"மச்சான், இது வயர் இல்ல. ஆயில் பிரஷர் எறங்கிட்டு. தேவர்குளத்துல டிராக்டர் சாமான் விக்கிற கடை இருக்கு. பதினஞ்சு-நாப்பது கெடைக்கும். இத எறக்கிட்டு அத ஊத்திட்டுப் போயிருவோம். காமணி நேரந்தான். இப்பமே செஞ்சா நேரஞ் சரியா இருக்கும்."

இசக்கித்துரை அவனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பேச்சு பேசுதீரு?"

"எஞ்சின் ஜாம் ஆயிரும் மச்சான்."

"ஆகாது. கேளும். அன்னைக்கு ரெண்டு பூ எடுத்தோம். ஒண்ணு வண்டிக்கி, ஒண்ணு எம் புள்ளைக்கி. ஒரே கை, ஒரே ஆத்தா. வண்டிப் பூ தப்புன்னு ரோட்டுல ஊத்திட்டு, புள்ள பூ மட்டும் சரின்னு அவள உள்ள அனுப்பச் சொல்லுதீரா? அதுவும் இன்னைக்கி? சோதிக்கா மாப்ள. நம்ம நம்புதமா இல்லையான்னு சோதிக்கா. நிப்பாட்டாம ஓட்டும்."

"பஸ்ஸுலயாவது ஏத்தி விட்டுருவோம்."

"திருநவேலி பஸ்ஸுதான் இப்பம் நம்மள முந்திட்டுப் போச்சே! அடுத்தது வந்து, ஜங்ஷன்ல எறங்கி, அங்கன ஆட்டோ புடிச்சி... ஒண்ணரை மணிக்குள்ள போய்ச் சேருவாளா?"

சேரமாட்டாள். மகாராஜனுக்கும் அது தெரியும். பின்னாலிருந்து அனு, "மாமா, மாத்த வேண்டாம் மாமா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அந்தக் குரல்தான் அவனை உடைத்தது. ஆயிலை மாற்றாவிட்டால் அவள் கேட்டுக்குப் போய்ச் சேரமாட்டாள். மாற்ற வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அவள் கேட்டுக்குள் போவாள், ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் படித்தாளோ அது கையில் இருக்காது. மகாராஜனுக்குத் தன்மேல் வந்த வெறுப்புக்கு அளவில்லை. ஒரு டப்பா ஆயிலுக்காக, வாயடி அடித்து ஜெயிப்பதற்காக, இப்படி ஒரு காரியத்தைச் செய்து வைத்திருக்கிறோமே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க எஞ்சின் அவகாசம் தரவில்லை. டக், டக், டக்.

தேவர்குளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மகாராஜன் வேனை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான்.

"ஏன் நிப்பாட்டுனீரு? எடும்வே வண்டிய!"

"மச்சான், அன்னைக்கி ஆயிலுக்குக் கட்டுன பொட்டணம் ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துச்சி."

இசக்கித்துரைக்குப் புரியவில்லை. "என்னது?"

"செவப்பே வைக்கல. ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன். எத எடுத்தாலும் எம் பக்கந்தான் வந்திருக்கும். ஆத்தா சொல்லல மச்சான். நாந்தான் சொன்னேன்."

அனுவின் முணுமுணுப்பு நின்றுவிட்டது. மகாராஜன் பின்னால் பார்க்கவில்லை. கன்னத்தில் ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இசக்கித்துரை கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து ஷட்டருக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய டப்பாவும் அழுக்குத் தகர டின் ஒன்றும் இருந்தன. பதினைந்து-நாற்பது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஸ்பானர் எங்க?" என்று கேட்டார். மகாராஜன் சீட்டுக்கடியிலிருந்து எடுத்துக்கொடுத்துவிட்டு, "நான் எறங்குதேன் மச்சான், சுடும்" என்று கீழே குனிந்தான்.

"நீரு தொடாதேயும்."

அவ்வளவுதான் சொன்னார். மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தார். தார் ரோட்டுச் சூடும் எஞ்சின் சூடும் சேர்ந்த இடம் அது. ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும்போது அடி நட்டைக் கழற்றக்கூடாது, ஆறவிட வேண்டும் என்பது வண்டிக்காரனுக்குத் தெரியாதா? ஆறவிட நேரமில்லை. நட்டு இளகியதும் கறுத்த ஆயில் சடசடவென்று கொட்டியது. டின்னில் விழுந்தது போக மிச்சம் அவருடைய முன்கையில் ஓடியது. "ஆத்தா!" என்று ஒரு சத்தம். அதன்பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தார். ஆயில் முழுதும் இறங்கும்வரை கையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிய ஆயிலைப் பார்த்த கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, ரசம் மாதிரில்லா இருக்கு?" என்றார்.

நட்டை முடுக்கி, மேலே மூடியைத் திறந்து, புது ஆயிலை ஊற்றினார். அது மெதுவாக, கனமாக, அவசரம் தெரியாமல் இறங்கியது. மகாராஜன் மணியைப் பார்ப்பதும் டப்பாவைப் பார்ப்பதுமாக நின்றான். அனு வேனுக்குள் இருந்தபடி தகப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து எழும்பியிருந்தது. துப்பட்டாவைப் பரீட்சைக்குப் போடக்கூடாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், சுற்றிக்கட்ட ஒன்றுமில்லை. தன் தோளிலிருந்த துண்டை இசக்கித்துரையே தண்ணீரில் நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

மகாராஜன் சாவியைத் திருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அவனுக்கு உயிர் போய்விட்டது. பிறகு, ஆயில் உள்ளே ஏறி எல்லா இடத்தையும் தொட்டிருக்க வேண்டும், விளக்கு பட்டென்று அணைந்தது. டக் டக் சத்தம் முழுதும் போகவில்லை, ஆனால் அமுங்கியது. மிதித்தான். வேன் பாய்ந்தது.

மானூர் வரை முன்னால் போன லாரிகளை எல்லாம் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினான். எதிரே ஒரு பஸ் வருவதைப் பார்த்தும் பார்க்காமல் ஒரு முறை ரோட்டின் எதிர்ப்பக்கம் ஏறியே விட்டான். பஸ்காரன் ஜன்னல் வழியே இவன் பரம்பரையைத் திட்டியது காதில் விழுந்தது. எல்லாம் சரிதான், ஆனால் கண்ணாடியில் தெரிந்த அனுவின் முகம்தான் அவனைக் கொன்றது. அவள் இப்போது கண்ணை மூடவில்லை. சூத்திரம் சொல்லவில்லை. ஆத்தாவைக் கூப்பிடவில்லை. திறந்த கண்ணோடு வெளியே பொட்டலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கேளு மக்கா, கேட்டுவிடு, என்று மனசுக்குள் கெஞ்சினான். என்னுடையதும் அப்படித்தானா என்று கேள், இல்லை என்று சொல்கிறேன். அவள் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னால் குற்றமுள்ள நெஞ்சு முந்திக்கொள்கிறது என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

ராமையன்பட்டி தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் நெரிசல். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஒவ்வொரு தடவை நின்றபோதும் மூன்று பேரின் கண்ணும் அந்த விளக்குக்குப் போனது. எரியவில்லை. பாளையங்கோட்டையைத் தாண்டியதும் மகாராஜன் ஒரு சிக்னலைப் பார்க்காமலே கடந்தான். கல்லூரி வாசலில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் வாம்மா, சீக்கிரம், அடைக்கப் போறோம்!" ஒரு பையன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். இரும்பு கேட்டின் ஒரு கதவு ஏற்கெனவே மூடியிருந்தது.

வேன் நிற்கும் முன்னாலேயே அனு குதித்தாள். இசக்கித்துரை உறையை நீட்டினார். "போட்டோ இருக்கு. ஹால் டிக்கெட் இருக்கு. போ தாயி, ஓடு."

அனு ஓடவில்லை. டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"மாமா, எனக்குக் கட்டுனதும் அப்படித்தானா?"

"இல்ல மக்கா. இல்லவே இல்ல. ஒனக்கு ஒழுங்காத்தான் கட்டுனேன். ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. உச்சிமாகாளி மேல சத்தியம்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"சத்தியத்துக்கும் அவளத்தான் கூப்பிடுதீங்களா மாமா?"

சொல்லிவிட்டு ஓடினாள். போலீஸ்காரர் கையைக் காட்டி அவசரப்படுத்தினார். கடைசியாக உள்ளே போனவர்களில் அவளும் ஒருத்தி. இரண்டாவது கதவும் இழுத்து அடைக்கப்பட்டது, சங்கிலி கிணுகிணுத்தது. அனு திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் சொன்னது உண்மை. அந்த இரண்டு பொட்டணமும் சத்தியமாக உண்மை. ஆத்தா தன் கையால் அந்தப் பிள்ளைக்கு வெள்ளையைக் கொடுத்தாள். அதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி மகாராஜன். அந்தச் சாட்சியைத்தான் அவன் அரளிச் செடி ஓரத்தில் கொன்று போட்டிருந்தான். எடுக்காத பொட்டணம் கிணற்றில் என்றைக்கோ கரைந்துவிட்டது. இனி யாரிடம் போய், எதைப் பிரித்துக் காட்டுவது?

வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்த தாய் தகப்பன்மார் நின்றிருந்தார்கள். ஒரு அம்மாள் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முக்காடு போட்ட இரண்டு பெண்கள் கைகளை ஏந்தி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிள்ளையார் கோவில் இருக்கும் திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். இசக்கித்துரை துண்டு சுற்றிய கையோடு கண்ணை மூடி நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

மகாராஜன் அவருக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றான். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் நல்லபடியாக வர வேண்டும், படித்ததெல்லாம் ஞாபகம் வர வேண்டும், நான் சொன்னதை அவள் ஒரு நிமிஷமாவது நம்ப வேண்டும். நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே உயர்த்தினான்.

இசக்கித்துரை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீரு கும்பிடாதேயும் மாப்ள. இன்னைக்கி மட்டும் நான் ஒருத்தன் கும்பிட்டுக்கிடுதேன்."

மகாராஜன் கைகளை இறக்கினான். அவற்றை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.